ஒற்றைக் கதிரை

கிருசாந்தினிக்கு மட்டும் தனி மேசை போட்டிருந்தார்கள்.

பள்ளிக்கூடப் பனிச்சறுக்கு அணியின் மற்றப் பதினொரு பிள்ளைகளும் நீள மேசையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு இருந்தார்கள். இவளுக்கு ஜன்னலோரம் ஒரு சின்ன மேசை, ஒற்றைக் கதிரை. தட்டும் வேறு நிறம், கரண்டியும் வேறு.

மலை விடுதியின் சமையல்காரி கொஞ்செத்தா தட்டை வைத்துவிட்டு, இவள் முகத்தைக்கூடப் பாராமல் திரும்பிப் போனாள்.

ஏன் என்று கேட்டிருக்கலாம். வாயைத் திறந்தால் அழுகைதான் முதலில் வரும் என்று தெரிந்ததால் கேட்கவில்லை.

திருவெம்பாவை விரதம், பத்து நாளும் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் இல்லை. அதைப் பயிற்சியாளர் சல்வோவுக்கு அறிவித்தாகிவிட்டது என்று அம்மா சொல்லியிருந்தாள். மற்றவர்களுக்கு இறைச்சியும் இவளுக்குக் கடலையும் கிழங்கும் வந்தது சரிதான். அதற்காக ஆளையே தள்ளி வைப்பார்களா? பலெர்மோவில் பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் எல்லாரோடும்தானே நெருக்கியடித்துக்கொண்டு சாப்பிடுகிறாள்!

இரவு அணித்தோழி ஜூலியா தன் தட்டைத் தூக்கிக்கொண்டு இவள் பக்கம் வந்தாள். பாதி வழியில் சல்வோ அவள் கையைப் பிடித்தார்.

"அங்கே போகாதே. உன் இடத்தில் இரு."

ஜூலியா திரும்பிப் போனாள். கிருசாந்தினி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெளியே பனியைத் தவிர ஒன்றும் இல்லை.

மறுநாள் சறுக்கில் இரண்டு தரம் விழுந்தாள். இந்த அணியில் இடம் பிடிக்க மூன்று வருஷம் பாடுபட்டவள், எழும்பி நின்று பனியைக்கூடத் தட்டவில்லை. மத்தியானம் வாசலுக்கு வெளியே போய் அம்மாவுக்குப் போன் எடுத்தாள்.

"அம்மா, என்னை இஞ்சை எல்லாரும் தள்ளி வைக்கினம்."

"ஆர் தள்ளி வைக்கினம்?"

"எல்லாரும்தான். எனக்கு இந்த ரீம் வேண்டாம். நாளைக்கு பஸ்ஸாலை இறங்கினவுடனை ரீம் ஜக்கெற்றைக் கழட்டிக் குடுத்திட்டு வாறன்."

பலெர்மோவின் லிபெர்த்தா தெருவில் ஒரு பெரிய வீட்டில் உடுப்பு அயன் பண்ணிக்கொண்டிருந்த அம்மா இந்திராதேவிக்குக் கை நின்றுவிட்டது. குரலைத் தணித்துக்கொண்டாள்.

"இஞ்சை வீட்டுக்காரச் சிஞ்ஞோரா எனக்கெண்டு வேறையாய் ஒரு கோப்பை வச்சிருக்கிறா. பதினாறு வரியமாய் அதிலைதான் எனக்குக் கோப்பி. நான் ஒரு சொல்லும் கதைச்சதில்லை. என்ரை பிள்ளைக்கும் அப்பிடிச் செய்யினமெண்டால் பாத்துக்கொண்டு இருக்கமாட்டன். பஸ்ஸடிக்கு வாறன். நானே கேக்கிறன்."

அன்றிரவும் அதே ஒற்றைக் கதிரை. கடைசி நாள் மத்தியானம் கிருசாந்தினி கீழே இறங்கவே இல்லை. அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு இரண்டு பிஸ்கற் தின்றாள்.

கதவு தட்டப்பட்டது.

"கிருசா, சாப்பிட வா!" ஜூலியாவின் குரல்.

தனியே இருந்து தின்ன எதற்கு அழைப்பு? தலையணையால் காதை மூடிக்கொண்டாள். இன்னொரு தரமும் தட்டினார்கள். பிறகு காலடிச் சத்தம் படியில் இறங்கிப் போனது. உலகத்தில் தன்னைப்போல் தனித்துப்போனவர்கள் யாரும் இருக்கமாட்டார்கள் என்று நினைத்து, அதற்கும் சேர்த்து அழுதாள்.

பஸ் பலெர்மோ ரயில் நிலையத்தின் முன்னால் வந்து நின்றது. இந்திராதேவி வேலை உடுப்போடு கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகள் இறங்குவதற்குள் சல்வோவைப் பிடித்துக்கொண்டாள். கோபத்தில் அவளுடைய இத்தாலியன்கூட அன்றைக்கு அருவிபோல் வந்தது.

"என் பிள்ளையை ஏன் ஒதுக்கினீர்கள்? நாங்கள் கறுப்பு என்றா?"

போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். சல்வோ திகைத்துப்போனார்.

"கேளுங்கோ அம்மா, நல்லாய்க் கேளுங்கோ," என்றாள் இறங்கி வந்த கிருசாந்தினி. "தனி மேசை, தனித் தட்டு. ஜூலியா பக்கத்திலை வரப் பாக்க, இவர்தான் கையைப் பிடிச்சு நிப்பாட்டினவர்!"

தனி மேசை என்றதும் இந்திராதேவியின் முகம் மாறிவிட்டது.

சல்வோ பையைத் துழாவி ஒரு தாளை எடுத்தார். பயணத்துக்கு முன் பெற்றோர் நிரப்பிக் கொடுத்த படிவம். அம்மாவின் உருண்டைக் கையெழுத்து. கிருசாந்தினி வாங்கி வாசித்தாள்.

'எங்கள் விரத காலம். மகளுக்குப் புதுச் சட்டியில் சமைக்க வேண்டும். தட்டும் கரண்டியும் தனியாக இருக்க வேண்டும். இறைச்சி சாப்பிடுகிறவர்களோடு ஒரே மேசையில் அவளை இருத்தக் கூடாது.'

"புதுச் சட்டி வாங்குவதற்கென்றே கொஞ்செத்தா பனியில் ஊருக்குள் போய் வந்தாள்," என்றார் சல்வோ. "உங்கள் சாமிக்கு எங்களால் குறை வந்துவிடக் கூடாதே, சிஞ்ஞோரா. தட்டை வைக்கும்போது பிள்ளையின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை, அடுப்படிக்குள் வந்து கண்ணைத் துடைத்தேன் என்று சொன்னாள்."

"சாமிக்காகத்தான் பிள்ளை, நான் அப்பிடி எழுதினனான்..." என்றாள் இந்திராதேவி.

கிருசாந்தினி பாதி கழற்றிய ஜக்கெற்றோடு நின்றாள். சல்வோ அவளிடம் திரும்பினார்.

"இன்றைக்கு மத்தியானம் எங்கள் மேசையில் ஒருவரும் இறைச்சி தொடவில்லை, கிருசா. அப்படியென்றால் உன்னோடு இருக்கலாம்தானே என்று பிள்ளைகள்தான் கேட்டார்கள். உன் சின்ன மேசையைத் தூக்கி வந்து எங்களுடையதோடு சேர்த்துப் போட்டுவிட்டு, சாப்பாடு ஆறும்வரை பார்த்திருந்தோம். நீதான் கதவைத் திறக்கவில்லை."