இரும்பு உடம்பு

சோபாவில் மகன் துவண்டு கிடந்தான். கண் பாதி சொருகி, வாய் கோணி, ஒரு கை தரையில் தொங்கியது. அவன் கூட்டாளி நெட்டையன் தரையில் மல்லாந்து, மின்விசிறியைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தான்.

அம்மா சமையலறை வாசலில் நின்று இரண்டு பேரையும் நிதானமாகப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், விட்ட இடத்திலிருந்து வெங்காயம் நறுக்க ஆரம்பித்தாள்.

"என்னடி இது, பிள்ளை அப்படிக் கிடக்கறான், நீ பாட்டுக்கு வெங்காயம் நறுக்கறே?" அப்பா பின்னாலேயே வந்து பதறினார். "என் முதுகுவலி மாத்திரையைத்தானே முழுங்கியிருக்கான்?"

"மெதுவாப் பேசுங்க. அந்த டப்பால இருக்கறது வெறும் கால்சியம்."

மருந்துக்கடையில் பதினெட்டு வருஷமாக மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள் அவள். தசைப் பிடிப்பைத் தளர்த்த டாக்டர் கணவருக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை மளமளவென்று குறைந்தபோதே, மகனின் புதுப் பழக்கம் புரிந்துவிட்டது. மறுநாளே அதே அளவில், அதே வெள்ளையில் கால்சியம் மாத்திரை வாங்கி வந்து டப்பாவை நிரப்பினாள். அசல் மாத்திரை அவள் கைப்பைக்குள் போய்விட்டது; கணவருக்கு வேளைக்கு ஒன்றாக அதிலிருந்து அவளே எடுத்துக் கொடுத்தாள்.

ஆறு வாரமாக இந்தக் கூத்து. சுண்ணாம்பை விழுங்கிவிட்டு மேதாவிகள் மிதக்கிறார்களாம்! முதலில் இரண்டு, அப்புறம் நாலு, இப்போது ஆளுக்கு ஒரு கைப்பிடி. ஒருத்தன் கண் சொருகினால் அடுத்தவனும் சொருகியாக வேண்டும், இல்லாவிட்டால் மானம் கப்பலேறிவிடும்.

"கூப்பிட்டு நேராவே கேட்டுடலாமே," என்றார் அப்பா.

"கேட்டா வெளியில தேடிப் போவான். இப்போ வீட்டோட முடியுது. இதெல்லாம் உங்களுக்குப் புரியாது."

அவருக்குப் புரியாத விஷயங்கள் அந்த வீட்டில் ஏராளம்.

கூடத்தில் மகன் எழுந்து உட்கார்ந்து பீற்றிக்கொண்டிருந்தான். "பார்த்தியாடா? ஒரு கை போட்டும் அரை மணியில தெளிஞ்சுட்டேன். அவனவன் ரெண்டுக்கே ஆஸ்பத்திரிக்குப் போறானுங்க. நம்ம உடம்பு இரும்புடா!"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம், கடையில் கூட வேலை செய்கிறவளிடம் இந்தக் கதையை நடித்தே காட்டினாள். கோணிய வாய், சொருகிய கண், எதையும் விடவில்லை. "பிள்ளை வளர்க்கக் கொஞ்சம் மூளை வேணும்," என்று அவள் முடித்தபோது செல்போன் அடித்தது. நெட்டையன்.

"ஆன்ட்டி, சீக்கிரம் எங்க வீட்டுக்கு வாங்க! இவன் எழுப்பினா எழுந்திரிக்க மாட்டேங்கறான். மூச்சு ஒரு மாதிரி இழுக்குது!"

"என்னடா பண்ணீங்க?"

"உங்க வீட்டு டப்பா காலியாயிடுச்சு ஆன்ட்டி. எங்க மாமாவுக்கும் அதே மாத்திரைதான், அதை எடுத்து இவன் முதல்ல போட்டான். நான் இன்னும் போடல."

கையிலிருந்த மாத்திரை அட்டைகள் தரையில் சிதறின.

"ஆம்புலன்ஸைக் கூப்பிடுடா! எத்தனை... எத்தனை போட்டான்?"

"வழக்கமா போடற அளவுதான், ஆன்ட்டி!"