பத்துக்குப் பத்தும்

துப்பாக்கி வாங்க வந்தவர் சுட்ட பத்தாவது குண்டும் இலக்கில் படவில்லை. றொய்ஸ்டன் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

பார்த்தவர்களுக்கு, பாவம், துப்பாக்கி மானத்தை வாங்கிவிட்டதே என்று மனிதன் உடைந்துபோனதாகத் தோன்றியிருக்கும். உண்மையில் அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான்.

அன்று காலை ஒடாஹுஹு என்ற ஊரில் இருந்த தன் வீட்டுக் கராஜுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, துப்பாக்கியின் குறிபார்க்கும் ஸ்கோப்பின் குமிழை விரல் நோகும்வரை திருகிவைத்தவனே அவன்தான்.

ஈஸ்ட் டாமாக்கி கிடங்கில் கிழமை முழுக்க ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவனுக்கு, மாசிப் புறநகருக்கு அப்பால் இருந்த இந்தச் சுடுதளமும் இந்த செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளும்தான் சனிக்கிழமைச் சந்தோஷம். விசையை அமுக்க அமுக்க வெடித்துக்கொண்டே இருக்கும். மனைவி இவோனுக்கோ அதைக் கண்ணில் காட்டக்கூடாது.

“உந்தச் சாமானுக்குப் பயந்துதானே யாழ்ப்பாணத்தில இருந்து ஓடி வந்தனாங்கள்? இஞ்ச வந்து நீங்கள் காசு குடுத்து வாங்கி வைச்சிருக்கிறியள்!”

இரண்டு வருடச் சண்டைக்குப் பிறகு, தொண்ணூற்றாறாம் ஆண்டு தொடக்கத்தில் அவளே பத்திரிகையில் விற்பனை விளம்பரம் கொடுத்துவிட்டாள். ஒரேயொரு சலுகைதான் தந்தாள். “வாற ஆள் சுட்டுப் பார்த்து வேண்டாமெண்டால் வைச்சிருங்கோ. பிறகு நான் வாய் திறக்க மாட்டன்.”

அந்தச் சலுகையை நம்பித்தான் கராஜில் குமிழ் திருகப்பட்டது.

வந்தவர் கோதண்டராமன். சென்னைக்காரர், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, துப்பாக்கி லைசென்ஸ் கைக்கு வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. ஆனால் சோதனை என்று வந்துவிட்டால் ஆள் கறார். துப்பாக்கியை மணல்மூட்டைமேல் அசையாமல் வைத்து, மூச்சைப் பிடித்துச் சுட்டு, ஒவ்வொரு குண்டுக்கும் நோட்டில் ஒரு குறிப்பு எழுதினார்.

“கோளாறு என் கண்ணுலயா, துப்பாக்கியிலயான்னு தெரியணும் சார். நீங்க ஒரு பத்து சுடுங்களேன்.”

றொய்ஸ்டன் ஒழுங்காகக் குறிபார்த்தே சுட்டான். பத்தும் வலதுபக்க மண்மேட்டில் புழுதி கிளப்பின.

பின்னால் பெஞ்சில் இருந்த இவோன் தலையில் கைவைத்தாள். “இவ்வளவு காலமும் சனிக்கிழமையில இஞ்ச வந்து இதையோப்பா செய்தனீங்கள்?”

சுடுதளத்தின் பொறுப்பாளர், முப்பது வருடம் சுட்டுப் பழகிய வெள்ளைக்காரர், வேடிக்கை பார்க்க வந்தார். தானும் மூன்று சுட்டார். இலக்குக் காகிதம் சலவைக்குப் போய்வந்த சட்டைமாதிரி வெள்ளையாகவே இருந்தது.

“ஸ்கோப் விலகியிருக்கிறது. இரண்டு நிமிடம் கொடுங்கள், நேராக்கிவிடுகிறேன்” என்று ஆங்கிலத்தில் சொல்லிக் குமிழில் கைவைத்தார்.

றொய்ஸ்டன் அவசரமாக முன்னால் வந்தான். அவன் வாய் திறப்பதற்குள் கோதண்டராமன் பாய்ந்துவிட்டார்.

“நோ, நோ! ப்ளீஸ், டோன்ட் டச்!”

பொறுப்பாளர் தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டார். வாங்க வந்தவருக்கு வெறுத்தேவிட்டது, துப்பாக்கி வீடு திரும்புகிறது என்று றொய்ஸ்டனுக்கு உயிர் வந்தது. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிட்டப் போனான்.

“குறை நினைக்காதேங்கோ அண்ணை. இது உங்களுக்குச் சரிவராது. வேற நல்லதாப் பார்த்து வாங்குங்கோ.”

கோதண்டராமன் நோட்டை மூடினார். “வேற எதுக்கு சார்? இதையே எடுத்துக்கறேன்.”

இவோன் பெஞ்சை விட்டு எழுந்தே விட்டாள். றொய்ஸ்டன் ஓட்டை விழாத இலக்கைக் கைகாட்டினான்.

“அண்ணை... இருவத்திமூண்டு வெடி. ஒண்டாவது பட்டதோ?”

“ஒண்ணுகூட படலை! மூணு பேர் சுட்டும் படலை!” பரீட்சையில் தேறிய பூரிப்பு அவர் முகத்தில். “எங்க மேனேஜர் ஞாயித்துக்கிழமையானா முயல் சுட வா, வான்னு ஒத்தைக்கால்ல நிக்கறார் சார். நான் வெண்டைக்காயில புழு இருந்தாக்கூட அதைத் தோட்டத்துல கொண்டுபோய் விட்டுட்டு வர்றவன். வரமாட்டேன்னா மனுஷர் வருத்தப்படுவார். வேணும்னே தப்பா சுட்டாலோ என் மூஞ்சியே காட்டிக்கொடுத்துடும். இதுன்னா நேர்மையா குறிவச்சு, அவர் கண்ணு முன்னாடியே படபடன்னு பத்து சுடலாம். முயல் அதுபாட்டுக்குப் புல்லு மேஞ்சிண்டிருக்கும்.”

றொய்ஸ்டன் தடுமாறிப்போனான். மிச்சம் இருந்தது ஒரே வழி. பக்கத்தில் இவோன் நிற்பதையும் மறந்து அதைப் போட்டு உடைத்தான்.

“அண்ணை, உண்மையைச் சொல்லுறன். இது சும்மா நூல் பிடிச்ச மாதிரிச் சுடும். நான்தான் காலமை ஸ்கோப்பைத் திருகி விட்டனான்!”

இவோன் அவனை மேலும் கீழும் பார்த்தாள். கோதண்டராமனோ அவன் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாகக் குலுக்கினார்.

“ரொம்ப தேங்க்ஸ் சார்! நேரா சுட்டிருந்தா நான் வாங்கியே இருக்க மாட்டேன்.”