இரண்டாவது படம்

ஜன்னல் வெயில் கணினித் திரையில் பாதியை வெளிறச் செய்கிறது. அக்காவின் தையல் கடைப் பெயர்ப்பலகைக்குத் தங்கை இரண்டு விதமாக எழுத்து வரைந்து, எது நன்றாக இருக்கிறது என்று காலையில் இணையத்தில் கேட்டிருந்தாள். கருத்துகள் வந்து குவிகின்றன. முதல் படத்தில் எழுத்துகளுக்கு மூச்சு முட்டுகிறதாம். இரண்டாவதில் வளைவுகள் குழைகின்றனவாம். அதற்குள் இரண்டு பேருக்குச் சண்டையே மூண்டுவிட்டது. அவள் இப்போதுதான் கவனிக்கிறாள்: அவசரத்தில் ஒரே படத்தை இரண்டு முறை ஏற்றியிருக்கிறாள். மற்றொன்று இன்னும் கணினியிலேயே கிடக்கிறது. பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருக்கும் அக்கா, பல்லில் கவ்விய குண்டூசியை எடுத்துவிட்டுத் திரையை நெருங்குகிறாள். "ரெண்டாவதுதான்டி. மொதல்ல இருக்கறது உம்முனு இருக்கு." "அக்கா, ரெண்டும் ஒண்ணுதான்." "எனக்கென்ன கண்ணு தெரியாதா? அச்சடிக்கறவர் ரெண்டு தடவ போன் பண்ணிட்டார், அனுப்பு." தங்கை எழுந்து திரைச்சீலையை இழுத்துவிடுகிறாள். ஏற்றிய இரண்டு படங்களையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கிறாள். இம்மியும் பிசகவில்லை. மறுபடி பக்கத்துப் பக்கத்தில் நகர்த்துகிறாள். மின்விசிறி கடகடக்கிறது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்க்கிறாள். முதலாவது கொஞ்சம் உம்மென்றுதான் இருக்கிறது.