மாமரத்தடி ஆனந்தம்

"சிரியுங்கோ எண்டுதானே சொன்னனான்? பல்லைக் காட்டச் சொல்லேல்லை. இயற்கையைப் பார்த்து உள்ளுக்கை இருந்து வாற சிரிப்பு வேணும்!"

கைபேசியை முக்காலியில் பொருத்திவிட்டு ஓடிவந்து பாயில் அமர்ந்தார் கோபிசங்கர் மாஸ்ரர்.

"உள்ளுக்கை இருந்து முசுறுதான் வருகுது," என்றாள் மனைவி தயாளினி, சட்டைக் கழுத்துக்குள் கையை விட்டு ஒரு சிவப்பெறும்பை எடுத்து நசுக்கியபடி. "இந்த மரத்திலை மாங்காயைவிட முசுறுதான் கூடக் காய்க்குது."

"ஏசாதையும் தயா. அதுவும் ஒரு உயிர். அது கடிக்கேக்கை நாங்கள் மண்ணோடை சேர்ந்திருக்கிறம் எண்டு உணரவேணும்."

"மண்ணோடை சேர எனக்கு இன்னும் காலம் கிடக்கு. நீங்கள் படத்தை எடுங்கோ."

மகள் கஜானி சிரித்துவிட்டாள். அந்த நேரம் பார்த்துக் கைபேசி 'கிளிக்' என்றது. மாஸ்ரருக்குப் பரம திருப்தி.

சண்டிலிப்பாய்க்கு ஆனந்தத்தை அறிமுகம் செய்துவைத்தவரே மாஸ்ரர்தான். அதற்கு முன் அந்த ஊர் சும்மா புகையிலைக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டு கிடந்தது. பாடசாலையில் பிரம்போடு திரிந்த மனிதருக்குப் பத்து வருடங்களுக்கு முன்னர் ஒருநாள் திடீரென்று இயற்கைமேல் காதல் பிறந்தது. அன்றிலிருந்து வெயிலோ மழையோ, ஞாயிறு என்றால் குடும்பம் மாமரத்தடியில் இருந்தாக வேண்டும். மூச்சை இழுத்து விடவேண்டும். குயில் கூவினால் கண்ணை மூடவேண்டும். வீட்டில் பீங்கான் கோப்பையில் சாப்பிடுகிற அதே புட்டை இங்கே ஓலைப்பெட்டியில் வைத்துச் சாப்பிடவேண்டும். அன்று மாலையே படம் முகநூலில் ஏறிவிடும்: 'எளிமையே பேரின்பம்.'

படைப்பாற்றலுக்கும் குறைவில்லை. மகள் படம் கீறுவதற்கென்று ஒரு கொட்டில் போட்டார். பிறகு வேலிக்குக் கதியால் கம்புகளை நட்டு, ஒவ்வொரு கதியாலிலும் குடும்பத்தோடு சூரியகாந்திப் பூ வரைந்தார். 'அப்பா, அம்மா, மகள்: ஒரு வேலி, ஒரு கவிதை' என்ற அந்தப் பதிவுக்கு விழுந்த இதயங்களைப் பார்த்து மாஸ்ரருக்கே கண் கலங்கியது.

ஆனால் இன்றைக்குப் பதற்றமாக இருந்தார். அவர் அழைத்த பெரிய மனிதர் ஒருவர் குடும்பத்தின் வாழ்க்கைமுறையை நேரில் பார்க்க வருகிறார். அவர் தலையாட்டினால்தான் பத்து வருட ஆனந்தத்துக்கும் பலன்.

"ஆரப்பா வாறது? பேப்பர்காரரோ?" என்றாள் கஜானி.

"அவையைவிடப் பெரிய ஆள். நீ தூரிகையைக் கையிலை வைச்சிரு பிள்ளை."

"வல்வெட்டித்துறையிலை தங்கச்சி மத்தியானம் கூழுக்கு வரச் சொன்னவள்," என்றாள் தயாளினி. "இப்பிடியே ஒரு ஞாயிறும் அவளிட்டைப் போகேல்லை."

"இண்டைக்கு அவருக்குத் திருப்தி எண்டால், இனி நீர் எல்லா ஞாயிறும் போகலாம். இஞ்சை வந்து இருக்கத் தேவையே இல்லை."

"ஏனப்பா, ஆனந்தம் முடிஞ்சுதோ?"

மாஸ்ரர் பதில் சொல்லும் முன் படலையடியில் கார் வந்து நின்றது.

வந்தவர் குயிலைக் கேட்கவில்லை. கஜானியின் ஓவியத்தைப் பார்க்கவில்லை. நேரே வேலிக்குப் போய் ஒரு கதியாலைப் பிடித்து ஆட்டினார்.

"உதுகள் என்ரை குடும்பத்தின்ரை கைவண்ணம்," என்றார் மாஸ்ரர் குழைந்துகொண்டு. "அந்தப் பூவிலை ஒரு தத்துவம்..."

"பூ கிடக்கட்டும் மாஸ்ரர். கதியால் நல்லா வேர் விட்டிருக்கு. அதுதான் முக்கியம். கொட்டிலும் பழசாத்தான் தெரியுது." வந்தவர் பாயில் அமர்ந்து தேநீரை வாங்கிக்கொண்டார். "படங்களையும் பாத்தனான். எல்லாத்திலையும் திகதி இருக்கு. பிள்ளை சின்னனிலை இருந்து இதே மரத்தடியிலை வளந்து வாறது வடிவாத் தெரியுது. கோட்டிலை இதைவிட என்ன சாட்சி வேணும்? கொழும்பிலை இருக்கிற கனகலிங்கத்தாற்றை காணி இனி உங்கடை காணிதான்."

தயாளினி சொறிவதை நிறுத்தினாள். கஜானியின் தூரிகை அப்படியே நின்றது.

"காணிக்காரர் உரிமை கேட்டு வந்தாலும், பத்து வருசமா நீங்கள் ஆண்டு அனுபவிச்ச காணியெண்டு வழக்கைத் தூக்கி எறியலாம்," என்று தொடர்ந்தார் அந்தச் சட்டத்தரணி. "ஒண்டை மட்டும் பாக்கவேணும். ஆரிட்டையும் கேக்காமல், உங்கடை காணி மாதிரியே நீங்கள் ஆண்டிருக்கவேணும். கனகலிங்கத்தார் ஒருக்கால் 'சரி, இருங்கோ' எண்டு விட்டிருந்தாலும் வழக்கு அதோடை முடிஞ்சுது."

"நான் கேக்கிறதோ?" மாஸ்ரர் நெஞ்சை நிமிர்த்தினார். "இந்தப் பத்து வருசத்திலை அந்த மனிசனோடை ஒரு சொல்லுக் கதைச்சிருப்பனோ?"

"பிறகென்ன. அம்மாவும் கோட்டிலை வந்து அதைத்தான் சொல்லவேணும்."

"என்ன கதை கதைக்கிறியள் ஐயா?" தயாளினிக்குக் கோபத்தில் முகம் சிவந்துவிட்டது. "அடுத்தவன்ரை வளவுக்கை கேக்காமல் நுழைய நாங்கள் என்ன கள்ளரே? ஒவ்வொரு ஞாயிறும் விடியக் கனகலிங்கம் அண்ணைக்குப் போன் எடுத்துக் கேட்டுப்போட்டுத்தான் நான் இஞ்சை பாய் விரிக்கிறனான். பாவம் மனிசன், ஒருநாளும் மாட்டன் எண்டு சொன்னதில்லை!"