ஒரே சாவி

காலை வெயில் திரைச்சீலையின் இடுக்கு வழியாக இரண்டு கட்டில்களுக்கும் நடுவே விழுகிறது. அங்கே இரண்டு பெண்கள் முழங்கால் இடிக்க எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். டென்னிஸையே பிழைப்பாக எடுத்துக்கொண்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வாடகையைப் பாதியாக்க ஊர் ஊராக ஒரே அறையில் தங்குகிறார்கள். ஒருத்தி நெட்டை, மற்றவள் குட்டை. நெட்டையின் வலது உள்ளங்கையில் கொப்புளம். மட்டை பிடிக்கிற கைக்குத் தானே பிளாஸ்திரி சுற்றிக்கொள்வது சிரமம் என்பதால், தினமும் காலையில் குட்டைதான் சுற்றிவிடுகிறாள். இன்றைய ஆட்டத்தில் மோதப்போவது இவர்கள் இருவரும்தான். குட்டை பிளாஸ்திரியைப் பல்லால் கிழித்து, சுருக்கம் விழாமல் ஒட்டி, கட்டைவிரலால் நீவிவிடுகிறாள்.

“இறுக்கமா இருக்கா?”

நெட்டை மட்டையைப் பற்றிப் பார்க்கிறாள். “கொஞ்சம்.”

குட்டை எல்லாவற்றையும் பிரித்துவிட்டு முதலிலிருந்து சுற்றுகிறாள். “கை வலிச்சுது, அதான் தோத்தேன்னு நாளைக்கு உங்கம்மாகிட்ட சொல்லக் கூடாது பாரு.”

“நீ தோத்தா என்ன சொல்லுவ?”

“நல்லா சுத்திவிட்டுட்டேன்னு சொல்லுவேன்.”

இருவரும் பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வருகிறார்கள். நெட்டை கதவைப் பூட்டுகிறாள். அறைக்கு ஒரே சாவி.

“இது யார்கிட்ட இருக்கட்டும்?”

“ஜெயிச்சவளுக்கு அடுத்த மேட்ச் விஷயமா அங்க வேலை இருக்கும். தோத்தவதான் முதல்ல ரூமுக்கு வருவா.”

சொன்ன பிறகுதான் குட்டைக்கே அது உறைக்கிறது. சாவி பூட்டிலேயே தொங்கி லேசாக ஆடுகிறது. இருவரில் ஒருத்தியும் கையை நீட்டவில்லை.