கௌதாரிக்கு வந்த மரியாதை

"ஏங்க, கௌதாரிங்க எல்லாம் சௌக்கியமான்னு உங்க சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க. நம்மள விடுங்க, நாம வெறும் மனுஷங்கதானே!"

கைக்குழந்தைக்கு விசிறிக்கொண்டே சொன்னாள் வேணி. மணப்பாறைக்குப் பக்கத்தில், சோலார் பண்ணை வரப்போகும் புதர்க்காட்டில், வாட்ச்மேன் நல்லதம்பிக்குக் கம்பெனி கொடுத்த வீடு ஒரு தகரக் கொட்டகை. உள்ளே ஆம்லெட் போட அடுப்பே வேண்டாம். குழந்தையின் முதுகெல்லாம் வேர்க்குரு.

பேனல் ஒன்றுகூட இன்னும் வரவில்லை. அதற்குள் பறவைக்கு நிழல் செடி, தண்ணீர்த் தொட்டி, ஓணானுக்குக் கற்குவியல், முயல் நுழைய வேலிக்கடியில் வழி, எல்லாம் வந்துவிட்டன. வராதது பறவைகள் மட்டும்தான்.

"சார், கொட்டகை மேல ஒரு கீத்தாவது போட்டுக் குடுத்தா..." இழுத்தான் நல்லதம்பி.

"பட்ஜெட் இல்லப்பா," என்றார் எஞ்சினியர் ஹரிபிரசாத். "அப்புறம், உன் வீட்டுக் கோழிய உள்ள விடாத. காட்டுப் பறவைக்கு சீக்கு வந்துடும். நாளைக்கு பேங்க்லேருந்து மைதிலி மேடம் வராங்க. கௌதாரி இருக்குன்னு காட்டினாத்தான் லோன்."

சொல்லிவிட்டு ஏ.சி. கேபினுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் மைதிலி பைனாகுலரோடு சுற்றி வந்தார். கொட்டகைக்குப் பின்னால், புல்லுக்குள் வெளிர் நிறத்தில் நாலைந்து முட்டைகள்!

"கௌதாரி முட்டை மேடம்!" ஹரிபிரசாத் ஆடாத குறைதான். "எல்லாம் நம்ம ஏற்பாடு!"

"கிட்டப் போகாதீங்க! தாய்ப் பறவை மிரண்டுடும்." மைதிலி தூரத்திலேயே நின்றார். "உங்க திட்டப்படி, குஞ்சு பொரிக்கிற வரைக்கும் கூட்டுப் பக்கத்துல யாரும் குடியிருக்கக் கூடாது. கொட்டகையில இருக்கிறவங்களை இப்பவே வேற ரூமுக்கு மாத்துங்க."

"வேற ரூம்னா... என் கேபின் ஒண்ணுதான் மேடம்."

"அதைக் குடுங்க."

லோன் ஆயிற்றே! பல்லைக் கடித்துச் சிரித்தபடி சாவியை நீட்டிவிட்டு, ஸ்ரீரங்கத்திலிருக்கும் தன் வீட்டுக்குக் கிளம்பினார் ஹரிபிரசாத்.

அன்று மாலை, ஏ.சி. காற்றில் குழந்தை அசந்து தூங்கியது.

"வேணி, பாவம், தாய்ப் பறவை இன்னும் வரலியே. முட்டை எப்ப பொரிக்கிறது, நாம எப்ப காலி பண்றது?"

"பொரிக்காதுங்க." வேணி போர்வையை இழுத்துக்கொண்டாள். "அடைகாக்க வேண்டியவள அக்கா வீட்டுல கூடையில கவுத்து வெச்சிருக்கேன். கோழிய உள்ள விடக் கூடாதுன்னு உங்க சார்தானே சொன்னாரு!"