ரெண்டாவது தட்டு

"வெள்ளிக்கிழமையானா சர்ச்சுல காசு குடுத்து மீன் வறுவல் சாப்பாடு. சரிதானேம்மா?"

"ஆமாங்க," என்றாள் நடீன்.

"ஒரு தட்டா, ரெண்டு தட்டா?"

"ரெண்டு."

"ரெ...ண்டு!" கடன் கம்பெனி வக்கீல் ஹாஸ்கெல், ரெண்டு கொலைன்னு கேட்ட மாதிரி ஜட்ஜம்மா பக்கம் திரும்பினாரு.

நடீனோட வக்கீல் எம்மெட் முன்னாடியே 'அந்த மீன் சாப்பாட்டை நிறுத்தித் தொலைங்கக்கா'ன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டான். கேட்டாளா?

நடீனுக்கு அமெரிக்காவுல டொலீடோ ஊர்ல, முதியோர் இல்லத்துல துணி துவைக்கிற வேலை. நர்ஸ் ஆகணும்னு கடன் வாங்கிக் காலேஜ்ல சேர்ந்தா. பாதியில காலேஜ் கதவைச் சாத்திருச்சு. கடன் மட்டும் கூடவே வந்துச்சு. நடுவுல ஒரு ஆபரேஷன். கடைசியில மஞ்சக் கடுதாசி குடுத்தாச்சு.

ஆஸ்பத்திரி பாக்கி, கார்டு பாக்கி எல்லாம் அதுலயே போயிரும். படிப்புக் கடன் மட்டும் அவ்வளவு லேசுல போகாது. 'வயித்துக்கும் வாடகைக்குமே பத்தலை, ஒரு காசு வீணாக்கலை'ன்னு தனியா நிரூபிக்கணும். இல்லேன்னா சாகுற வரைக்கும் கட்டணும்.

"தனியாத்தான் இருக்கேன்னு சத்தியம் பண்ணியிருக்கீங்க. ரெண்டாவது தட்டு பூனைக்கா?"

பின்னாடி யாரோ களுக்குன்னு சிரிச்சாங்க.

"ஒருத்தருக்குங்க."

"ஆம்பளையா?"

"ஆமா."

எம்மெட் கண்ணை மூடிக்கிட்டான். வீட்ல இன்னொரு சம்பாத்தியம் இருக்குன்னு வந்துட்டா தள்ளுபடியாவது ஒண்ணாவது!

"சாருக்கு எவ்வளவு சம்பளமோ?"

"வேலை போயிருச்சுங்க. கார்லதான் தூங்குறாரு. வெள்ளிக்கிழமை சர்ச்சுல பார்க்கிறதோட சரி."

"அடடா! வாங்கின கடனைக் கட்டாம, வேலை போனவனுக்கு விருந்தா? நல்லா இருக்கும்மா உங்க தர்மம்! யாரு அந்த மகராசன்?"

நடீன் எம்மெட்டைப் பார்த்தா. "சொல்லியே ஆகணுமா தம்பி? அவருக்கு இதுக்கு மேல எதுவும் ஆயிடாதே?"

ஜட்ஜம்மா முன்னால குனிஞ்சாங்க. "பயப்படாம சொல்லும்மா."

"போன குளிர்காலத்துல, சர்ச்சு வரிசையில ஒருத்தர் எனக்கு முன்னாடி நின்னாரு. 'ரொட்டி மட்டும் குடுப்பீங்களா, என்ன விலை?'ன்னு கேட்டாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு."

"ஏன்?" ஹாஸ்கெல் கேட்டாரு.

"அந்தக் குரலை எனக்குத் தெரியாதா? மாசாமாசம் போன் போட்டுக் 'கடனைக் கட்டுறியா, சம்பளத்துல கை வைக்கட்டுமா'ன்னு மிரட்டின குரலாச்சே! உங்க கம்பெனி ஆளுதான் சார்."

ஹாஸ்கெல் அவசரமா ஃபைலைப் புரட்டினாரு.

"ஒருநாள் தாங்க முடியாம போன்லயே அழுதுட்டேன். அவரு குரலைத் தாழ்த்தி, 'அழாதீங்கம்மா, கோர்ட்டுக்குப் போனா தள்ளுபடி கேட்க வழி இருக்கு'ன்னு சொன்னாரு. பேசுறதையெல்லாம் நீங்க பதிவு பண்றீங்களாமே... மறுநாளே அவரை வீட்டுக்கு அனுப்பிட்டீங்க."



ஜட்ஜம்மா மூக்குக்கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க. ரொம்ப நேரம் துடைச்சாங்க.

"ரெண்டு தட்டும் அவசியச் செலவுதான். கடன் தள்ளுபடி."